மலைமேல் கன்டெய்னர் வீடு: ஓய்வுகாலச் சேமிப்பு தாங்குமா?

கேள்வி: எனக்கு 60 வயது, மனைவிக்கு 57. இப்போதிருக்கும் வீட்டை விற்றுவிட்டு, ஆள் நடமாட்டம் குறைந்த மலையில் நிலம் வாங்கி, இரண்டு 40 அடி சரக்குக் கன்டெய்னர்களை வீடாக்கிக் குடியேற விரும்புகிறோம். அங்கே மின் இணைப்பும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. வீடு விற்ற பணமும் சேமிப்பும் சேர்ந்தால் எங்கள் ஆண்டுச் செலவைப் போல 29 மடங்கு வரும். நிலத்துக்கு 3 மடங்கும் வீடு கட்ட 5 மடங்கும் போய்விடும். விலைவாசிக்கேற்ப உயரும் ஓய்வூதியம் செலவில் 40 சதவீதத்தை ஈடுகட்டும். போதுமா?

பதில்: இந்த அளவில் கட்டினால் போதாது. சிறிதாகக் கட்டினால் போதும்.

ஓய்வூதியம் போக மீதி 60 சதவீதம் சேமிப்பிலிருந்து வரவேண்டும். 1994-ல் நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் அமெரிக்கச் சந்தைக் கணக்குகளை வைத்துக் காட்டிய 4 சதவீத விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு பணவீக்கத்துக்கேற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால் பணம் 30 ஆண்டுகள் தாங்கும் என்பது. 30 ஆண்டுகள் கழித்து உங்கள் மனைவிக்கு 87 வயதுதான் ஆகியிருக்கும். எல்லா நாட்டுச் சந்தைகளும் அமெரிக்கச் சந்தை போல நடப்பதுமில்லை. ஆகவே 3.5 சதவீதமே வையுங்கள். அப்படியானால் (60-ஐ 3.5-ஆல் வகுத்தால்) 17.1 மடங்கு தேவை. 29-இல் 8 போனாலும் 21 இருக்கிறதே என்று தோன்றும். பலர் கணக்கை இங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

அடுத்து பராமரிப்பு. மலைவீட்டில் மின்வாரியமும் குடிநீர் வாரியமும் நீங்களேதான். ஒரு நாளைக்கு 3 யூனிட் மின்சாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனிக் காலத்துக்காக இரண்டு நாள் இருப்பு வைத்தால் 6 யூனிட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம்வரை எடுக்கலாம், எனவே 7.5 யூனிட் கொள்ளளவு போதும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், அதில் 12 யூனிட் வேண்டும். வாங்கும்போது அது மலிவு, ஆனால் நாலைந்து ஆண்டுகளில் மாற்ற நேரும். லித்தியம் பத்தாண்டு தாண்டும். ஒன்றில் மட்டும் கவனம்: உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும், அதனால் குளிர் புகாத அறைக்குள் வையுங்கள். சூரியத் தகடுகளை நல்ல வெயில் மாதத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. மோசமான மாதத்தில் நாளுக்கு இரண்டரை மணிநேர முழு வெயில், 30 சதவீதம் இழப்பு என்று கொண்டால் 1.7 கிலோவாட் தேவை.

பேட்டரி, இன்வெர்ட்டர், பம்பு, துருத்தடுப்புப் பூச்சு, மழையில் அரிக்கும் பாதை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு 4 சதவீதம் ஒதுக்கச் சொல்வேன். 5 மடங்குக்கு அது 0.2. அதே 3.5 சதவீதக் கணக்கில் அதை ஆயுள் முழுதும் தர 5.7 மடங்கு தொகை வேண்டும்.

மூன்றாவது, இறங்கி வருவதற்கான பணம். யாரும் இதை ஒதுக்குவதில்லை, எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். முழங்கால் ஒத்துழைக்காதபோதோ, இருவரில் ஒருவர் மட்டும் மிஞ்சும்போதோ மருத்துவமனைக்கு அருகில் வந்தாக வேண்டும். கன்டெய்னர் வீட்டை வாங்க ஆள் கிடைப்பது அரிது. வங்கிகள் அதன்மேல் கடன் தரவும் தயங்கும். எனவே அதை விற்றுச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். வாடகைக்கும் உதவியாளுக்கும் ஆண்டுக்கு அரை மடங்கு கூடுதலாகும் என்று கொண்டால் 9 ஆண்டுகளுக்கு 4.5 மடங்கு.

நிலம் 3, வீடு 5, அன்றாடச் செலவுக்கு 17.1, பராமரிப்புக்கு 5.7, இறங்கி வர 4.5: மொத்தம் 35.3. கையில் 29.

இரண்டு 40 அடிக்குப் பதிலாக இரண்டு 20 அடிப் பெட்டிகள், சிறிய நிலம் என்று மாற்றுங்கள். உள்பரப்பு ஏறத்தாழ 300 சதுர அடி வரும். சூரிய மின்சாரமும் தொட்டியும் அப்படியே இருப்பதால் கட்டுமானம் பாதியாகக் குறையாது, 3 மடங்கு என்று வையுங்கள், நிலம் 1. பராமரிப்புக்கான தொகை 3.4 ஆகிவிடும். மொத்தம் 29. இதில் மிச்சம் இல்லை, ஆகவே பேட்டரியிலோ வெப்பக்காப்பிலோ சிக்கனம் பிடிக்காமல் நிலத்தில் இன்னும் குறைக்கப் பாருங்கள்.

20 அடி வேறொரு வகையிலும் நல்லது. 12 மீட்டர் நீளப் பெட்டியை ஏற்றிய வண்டி கொண்டை ஊசி வளைவில் திரும்பாது. 6 மீட்டர் பெட்டியும் வெறுமனே 2 டன்னுக்கு மேல் எடை, இறக்கக் கிரேன் வேண்டும். நிலத்துக்கு முன்பணம் தருமுன் லாரி ஓட்டுநர் ஒருவரை அழைத்துப் போய் வளைவுகள், பாலத்தின் எடைவரம்பு, தாழ்ந்த மின்கம்பிகள் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்டியின் விலை சொற்பம், அதை வீடாக்குவதில்தான் பணம் போகிறது. சன்னலுக்காகப் பக்கச் சுவரை வெட்டினால் பலம் போய்க் கூரை தொய்யும், கதவு இறுகும். ஒவ்வொரு வெட்டுக்கும் இரும்புச் சட்டம் பற்றவைக்க வேண்டும். இரவில் சில்லிடும் இரும்பின் உட்புறத்தில் மூச்சுக்காற்றும் சமையல் ஆவியும் நீராகப் படியும். வெப்பக்காப்புப் பலகைக்கும் இரும்புக்கும் இடையே வெளி விட்டால், கண்ணுக்குத் தெரியாமல் துருவும் பூஞ்சையும் பிடிக்கும். இடைவெளியே இல்லாமல் இரும்பின்மேல் நேரடியாகத் தெளிக்கும், துளைகள் மூடியிருப்பதால் ஈரம் ஊடுருவாத காப்பு நுரை விலை கூடியதுதான், ஆனாலும் அதையே போடுங்கள்.

இருவருக்கு நாளுக்கு 200 லிட்டர் என்றால் 90 வறண்ட நாட்களுக்கு 18,000 லிட்டர். பெட்டிகளின் கூரை மட்டும் 30 சதுர மீட்டர்தான். மேலே 60 சதுர மீட்டர் தகரக் கூரை போட்டால், 20 சதவீதம் வீணானாலும் 375 மி.மீ. மழையில் தொட்டி நிறையும்.

முதல் ஆண்டு வீட்டை விற்காதீர்கள். வாடகைக்கு விட்டுவிட்டு, அதே மலையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து மோசமான பருவம் முழுவதும் இருந்து பாருங்கள். அந்த ஆண்டுக்குள், பெட்டி வீட்டைக் காப்பீடு செய்ய ஒப்புதலும் அதற்கான நிபந்தனைகளும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வரட்டும். நிலத்துக்குச் செல்லும் வழி பிறர் நிலத்தில் போனால், வழி உரிமை பத்திரத்தில் பதிவாகியிருக்கிறதா என்று வழக்கறிஞர் பார்க்கட்டும். வாய்ப்பேச்சில் இருக்கும் பாதை, பக்கத்து நிலம் கைமாறும் நாளில் அடைபடலாம்.