எடை எழுதாத கட்டமும் பூச்சியமும்

ஐயா,

துளை அட்டைக் காலத்து மருத்துவ ஆய்வுகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியின் பழைய பிறப்புப் பதிவேடுகளை இப்போது எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பல பிள்ளைகளுக்கு எடை எழுதப்படவில்லை. கட்டத்தை வெறுமையாக விடாமல் பூச்சியம் போடச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பூச்சியம் போடாதீர்கள். உங்களுக்கு வந்திருக்கும் இதே சிக்கல், மருத்துவ வளாகங்களுக்குக் கணினி வந்த தொடக்க ஆண்டுகளிலேயே எழுந்தது.

லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், வில்ஃப்ரிட் டிக்சன் தலைமையில் மருத்துவ ஆய்வாளர்களுக்கென்றே பிஎம்டி என்ற புள்ளிவிபரக் கணினிச் செய்நிரல்கள் உருவாகின. அவற்றின் முதற் கையேடு 1961இல் வந்தது. நோயாளியின் விபரம் முழுவதும் 80 நிரல்கள் (செங்குத்து வரிசைகள்) கொண்ட அட்டைகளில் துளைகளாக மாறிய பிறகே இயந்திரத்துக்குள் போகும். அந்நாளைய ஃபோட்ரான் என்ற கணினி மொழி, எண்ணுக்கு ஒதுக்கிய இடம் வெறுமையாக இருந்தால் அதைப் பூச்சியமாகவே வாசிக்கும். நிறுக்கப்படாத பிள்ளை, எடையே இல்லாத பிள்ளையாகிவிடும். பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேரின் சராசரி எடை 2.6 கிலோ என்று வையுங்கள். மற்ற இருவருக்கும் பூச்சியம் விழுந்தால் சராசரி 2.08 ஆகச் சரியும். 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் குறைந்த பிறப்பு எடை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் என்பதால், எட்டுப் பேரை ஒழுங்காக நிறுத்து எழுதிய டிஸ்பென்சரியின் கணக்கு முழுவதும் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது. இதைவிடக் கொடியது, பின்னாளில் பார்க்கும் ஒருவர் அந்தப் பூச்சியத்தை இறந்து பிறந்த பிள்ளையின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பது.

வலப்பக்கம் தள்ளித் துளையிட வேண்டிய எண்ணை ஒரு நிரல் இடப்பக்கம் துளையிட்டாலும் இதே விதியால், பின்னாலிருக்கும் வெற்றிடம் பூச்சியமாகி, 5 இறாத்தல் 50 இறாத்தலாகும். ஆகவே ‘தெரியாது’ என்பதற்கு 99 போன்ற எண்ணை ஒதுக்கி, அதைக் குறியீட்டு ஏட்டில் எழுதிவைத்தார்கள். அதற்கும் விலை உண்டு: 99ஐ விலக்கும்படி செய்நிரலுக்குச் சொல்ல மறந்தால் சராசரி மறுபக்கம் வீங்கும்.

துளையிடும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். ஒருவர் துளையிட்ட அட்டையை இன்னொருவர் சரிபார்க்கும் இயந்திரத்தில் இட்டு, மூலத் தாளைப் பார்த்து மறுபடி தட்டுவார். இரண்டும் ஒத்துப்போனால் அட்டையின் வலது ஓரத்தில் இயந்திரம் ஒரு சிறு வெட்டு வைக்கும். அந்த ஆய்வுகளின் நம்பகம் இந்தக் கைகளில்தான் இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் தாளிலேயே எடை இல்லாவிட்டால் அந்த வெட்டு எதற்கும் உத்தரவாதம் அல்ல.

உங்கள் எக்செல், சராசரி பார்க்கும்போது வெறுமையான கட்டத்தை விட்டுவிடும், பூச்சியத்தைச் சேர்த்துக்கொள்ளும். எனவே எடைக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு, பக்கத்தில் இன்னொரு நிரலில் காரணத்தை எழுதுங்கள்: எழுதப்படவில்லை, தாள் கிழிந்துள்ளது, எழுத்துப் புரியவில்லை. எடை இறாத்தலிலும் அவுன்ஸிலும் இருந்தால் அவற்றைத் தனித்தனி நிரல்களில் உள்ளபடியே ஏற்றி, கிலோவை வேறொரு நிரலில் கணக்கிடுங்கள். 5 இறாத்தல் 8 அவுன்ஸ்தான் ஏறத்தாழ அந்த 2.5 கிலோ. தோட்டப்புறங்களில் குறைந்த எடையோடு பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிடக் கூடுதல் என்று தேசிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் உங்கள் பதிவேட்டை நாளை யாராவது நிச்சயம் கேட்பார்கள். பூச்சியம் போடச் சொன்னவர்களிடம் மேலே உள்ள பத்துப் பிள்ளைகளின் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் பதிவேட்டின் ஆண்டையும் பக்க எண்ணையும் சேர்த்துவிட்டால், ஐயம் வரும்போது மூலத்தாளைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.