செயின்ற் ஜோர்ஜிலை ஃபின்ச் எண்டுதான் போட்டிருக்கும், ஏறும்

தங்கச்சி, உம்மட கேள்வியை இரண்டு தரம் வாசிச்சன். திங்கட்கிழமை முதல் வேலை, கிங்–யூனிவேர்சிற்றி சந்தியடியிலை, காலமை எட்டரைக்கு நிற்கோணும். இருக்கிறது ரொறன்ரோவிலை விக்ரோறியா பார்க் ஸ்ரேசனுக்குப் பக்கத்திலை. வீட்டிலை எல்லாரும் பிளோர்–யங் ஸ்ரேசனிலை ரெயின் மாறு எண்டுகினம், கூட வேலை செய்யப்போற பிள்ளை செயின்ற் ஜோர்ஜிலை மாறு எண்டுது, தெரியாத வழியிலை போக நெஞ்சு இடிக்குது எண்டு எழுதியிருக்கிறீர். அதோடை குளிர் ஜக்கற், ஃபோன் பிளான், ராவிலை பொம்பிளைப் பிள்ளை தனியச் சப்வேயிலை வரலாமோ எண்டும் கேட்டிருக்கிறீர்.

ஜக்கற்றும் ஃபோனும் பற்றி ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். ஒண்டு மட்டும் நான் சொல்லுறன்: ஜக்கற்றுக்கு முதல் நல்ல குளிர் சப்பாத்து வாங்கும். கால் நனைஞ்சால் எந்த ஜக்கற்றும் காப்பாற்றாது. மற்றப்படி நான் எழுதவந்தது வழியைப் பற்றித்தான். உம்மட இடத்திலை நானும் நிண்டனான். ஆரும் ஒழுங்காய்ச் சொல்லித்தராததாலை பட்டனான்.

நான் வந்தது 1990 நவம்பரிலை. அப்ப எங்கட சனம் கனபேர் ஸ்காபரோவிலை இல்லை, டவுன்ரவுணிலை செயின்ற் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களிலை. அக்கா குடும்பத்தோடை இரண்டு அறை வீட்டிலை ஒன்பது பேர். ஒரு ஹோட்டலிலை துணி தோய்க்கிற பகுதியிலை எனக்கு வேலை, காலமை ஏழு மணிக்கு. அத்தான் ஒரு கடுதாசியிலை வழி எழுதித் தந்தவர்: ஷேர்போர்ணிலை ஏறு, அடுத்தது யங், இறங்கு, தெற்கை போற ரெயின் எடு. அடியிலை பெரிய எழுத்திலை, "ஃபின்ச் எண்டு கண்டால் ஏறாதை, அது வடக்கை போறது". ரெயினிலை போட்டிருக்கிறது அது போற கடைசி ஸ்ரேசனின்ரை பேர். அந்தக் கடுதாசியைக் கோட்டுப் பையுக்கை வைச்சு ரண்டு மாசம் போய்வந்தன். வேறை ஒரு வாசலாலை ஏறிப் பார்த்தது கூட இல்லை.

தை மாசம் ஒரு நாள் யங் பிளாட்போமிலை நிற்கவும் இடமில்லை. முன்னாலை ஏதோ பழுது, ரெயின் வரேல்லை. கூட நிண்ட ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை, செயின்ற் ஜோர்ஜ் போய் மாறினாலும் போகலாம் எண்டு சொல்லிச்சுது. நானும் திரும்பிக் கீழை போய் மேற்கை போற ரெயினிலை ஏறி, பே தாண்டி, செயின்ற் ஜோர்ஜிலை இறங்கினன். மேல் தட்டுக்கு ஏறினால் ஒரு பக்கம் ஃபின்ச் எண்டு போட்டிருக்கு, மற்றப் பக்கம் வில்சன். அத்தானின்ரை கடுதாசி பையுக்கை. ஃபின்ச்சிலை ஏறப்படாதெல்லோ. வில்சனிலை ஏறினன்.

நாலு ஸ்ரேசன் போன பிறகு ரெயின் நிலத்துக்கு மேலை வந்திட்டுது. சுரங்கத்தை விட்டு வெளியாலை, இரண்டு பக்கமும் பெருந்தெருவிலை கார்கள் லைற் போட்டபடி ஓடுது, நடுவிலை நாங்கள், சுத்திவர ஒரே பனி. இப்ப எனக்குத் தெரியும், அது அலன் றோட்டின்ரை நடுப்பகுதி. அண்டைக்கு எனக்கு நான் வேறை ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறன் எண்டுதான் பட்டுது. பள்ளிக்கூடத்திலை இங்கிலிசிலை கெட்டிக்காரி நான், ஒரு சொல்லு வாயாலை வரேல்லை. கடைசி ஸ்ரேசன் வில்சனிலை எல்லாரும் இறங்கின பிறகும் இருந்தன். ஒரு கறிபியன் அம்மா வந்து, கையைப் பிடிச்சுக் கொண்டுபோய்த் திரும்பிப் போற ரெயினிலை ஏற்றிவிட்டவ. வேலைக்குப் போய்ச் சேரேக்கை ஒன்றேகால் மணித்தியாலம் பிந்தி. சுப்பவைசர் கதை கேட்கேல்லை, அண்டைக்கு வேலையில்லை எண்டு திருப்பி அனுப்பிப்போட்டார். ஒரு நாள் சம்பளம் அப்ப எனக்கு என்னெண்டு உமக்கு விளங்கும், ஊருக்கு அனுப்புற காசு அது.

என்ன நடந்ததெண்டு விளங்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் எடுத்தது. நான் மாறி ஏறின அந்தச் சப்வே, முதலாம் பாதை எண்டுறது, நேர்கோடு இல்லை, இங்கிலிஸ் யூ எழுத்து மாதிரி. வடக்கையிருந்து யங் தெருவாலை இறங்கி, அடியிலை யூனியனிலை திரும்பி, யூனிவேர்சிற்றி பக்கத்தாலை மேலை ஏறுது. இரண்டு நுனியும் வடக்கைதான். ஆனபடியால் பிளோர்–யங்கிலை ஃபின்ச் எண்டால் வடக்கு, அத்தான் சொன்னது சரி. செயின்ற் ஜோர்ஜிலை அதே ஃபின்ச் எண்டால் முதலிலை தெற்கை யூனியனுக்குப் போய், அங்கை திரும்பித்தான் ஃபின்ச்சுக்குப் போகும். அண்டைய வில்சன் இப்ப நீண்டு வோன் ஆகியிருக்கு, மற்றப்படி விசயம் அதேதான். யங்கிலை மாறினால் நீர் ஏறவேண்டியது வோன் போட்ட ரெயின், செயின்ற் ஜோர்ஜிலை மாறினால் ஃபின்ச் போட்டது. கடைசி ஸ்ரேசனின்ரை பேரைப் பாடமாக்கிறதை விட்டிட்டு, உமக்கு அடுத்ததாய் வரவேண்டிய ஸ்ரேசனைப் பாடமாக்கும். செயின்ற் ஜோர்ஜிலை ஏறின உடனை மியூசியம் வரோணும். ஸ்படைனா வந்தால் இறங்கும், பிழையான பக்கம்.

இப்ப உம்மட கணக்கைப் பார்ப்பம். விக்ரோறியா பார்க்கிலையிருந்து யங் பதினொராவது ஸ்ரேசன். அங்கை மாறித் தெற்கை போனால் வெலஸ்லியிலை தொடங்கி கிங், யூனியன் தாண்டி செயின்ற் அன்றூ ஏழாவது. மொத்தம் 18. செயின்ற் ஜோர்ஜ் பதின்மூன்றாவது, அங்கையிருந்து மியூசியம், குயின்ஸ் பார்க், செயின்ற் பற்றிக், ஒஸ்கூட், செயின்ற் அன்றூ, ஐந்து. அதுவும் 18. செயின்ற் அன்றூவிலை ஏறி வெளியாலை வந்தால் உம்மட சந்தி. பிறகேன் எல்லாரும் யங் எண்டுகினம்? தாங்கள் வந்த காலத்திலை ஆரோ சொல்லிக்குடுத்த வழி அது, வேறை ஒண்டும் இல்லை. காலமை எட்டு மணிக்கு யங் பிளாட்போமிலை ஒரு ரெயினை விட்டு அடுத்ததிலை ஏறவேண்டி வரும், சில நாள் இரண்டை விடவேணும். செயின்ற் ஜோர்ஜிலை தெற்கை போற ரெயினிலை அந்த நெரிசல் இல்லை. நீர் விக்ரோறியா பார்க்கிலை ஏறுற இரண்டாம் பாதை கீழ்த்தட்டு, முதலாம் பாதை மேல்த்தட்டு, ஒரு படிக்கட்டு ஏறினால் முடிஞ்சுது. உம்மட வேலையிடத்துப் பிள்ளை சொன்னதுதான் சரி.

ஆனால் அதைத் திங்கட்கிழமை முதல் தரமாய்ச் செய்து பார்க்காதையும். வெள்ளிக்கிழமை காலமை, வேலைக்குப் போறமாதிரியே உடுத்து வெளிக்கிட்டு, அதே நேரத்துக்குப் போய் வாரும். ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாய்ப் போய்ப் பார்ப்பம் எண்டு நினைக்கவேண்டாம். ஞாயிறு ரெயின் எட்டு மணியளவிலைதான் தொடங்கும், எங்கட காலத்திலை ஒன்பது மணி. சனி ஞாயிறிலை தண்டவாள வேலை எண்டு துண்டு துண்டாய்ப் பூட்டி பஸ் விடுவினம். அண்டைக்குப் பார்க்கிற நேரமும் சனமும் திங்கட்கிழமையின்ரை நேரமும் சனமும் இல்லை. சுரங்கத்துக்குள்ளை எல்லா இடத்திலையும் ஃபோன் வேலை செய்யும் எண்டு நம்பாதையும். ஸ்ரேசன் பேரைக் கையாலை ஒரு துண்டிலை எழுதிக்கொண்டு போம். வந்த புதிசிலை பிள்ளைகள் குனிஞ்ச தலை நிமிராமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டே போறதைக் காண எனக்கு மனம் கஷ்டப்படும், இரண்டு வருசம் போனாலும் தாங்கள் எந்தத் தெருவுக்குக் கீழை போகினம் எண்டு தெரியாது.

மூண்டாவது வழி ஒண்டும் இருக்கு, அது உமக்கு ஆரும் சொல்லியிருக்கமாட்டினம். உம்மட அடுத்த ஸ்ரேசன் மெயின் ஸ்ரீற். அங்கை இறங்கித் தெற்கை ஐந்தாறு நிமிசம் நடந்தால் டான்ஃபோர்த் கோ ரெயின் ஸ்ரேசன். கோ எண்டுறது சப்வே இல்லை, வெளியூர்களுக்கும் போற ரெயின். அங்கை ஏறினால் நேரை யூனியன். 2024 பெப்ரவரி 26 இலையிருந்து கோ ரெயினுக்கும், சப்வேயும் பஸ்ஸும் ஓட்டுற ரீரீசீக்கும் மாறினால் ரீரீசீக்குத் தனிக் காசு இல்லை, ஆனால் இரண்டிலையும் அதே கார்ட்டைத்தான் தட்டவேணும். ஒண்டிலை பிறெஸ்ரோ எண்ட பயணக் கார்ட்டும் மற்றதிலை ஃபோனும் தட்டினால் இரண்டு காசு போகும். சப்வேயிலை ஏறேக்கை மட்டும் தட்டுறது, கோ ரெயினிலை இறங்கின பிறகும் தட்டவேணும், மறந்தால் கூட வெட்டும். வேகமாய்ப் போற சில ரெயின் டான்ஃபோர்த்திலை நிற்காது, பலகையைப் பார்த்து நில்லும். ஒவ்வொரு நாளும் இதிலை போ எண்டு சொல்லேல்லை. சப்வே நிண்டுபோற நாளுக்கு ஒரு வழி கையிலை இருக்கட்டும். யூனியனிலையிருந்து உம்மட சந்திக்கு நிலத்துக்குக் கீழாலை பாத் எண்ட நடைபாதை இருக்கு, பனிக்காலத்திலை முகத்திலை காத்துப் படாமல் போகலாம். அதையும் ஒரு நாள் நடந்து பழகும், அதுக்குள்ளை முதல் தரம் போற எல்லாரும் தடுமாறுவினம்.

ஒரு வழி மட்டும் தெரிஞ்ச ஆள் அந்த வழி அடைபட்டால் நடுத்தெருவிலை. 2003 ஆகஸ்ட் 14, பின்னேரம் நாலு மணி கழிய ஒன்ராறியோவும் அமெரிக்காவின்ரை வடகிழக்குப் பக்கமும் இருண்டு போச்சுது. சப்வே எல்லாம் நிண்டிட்டுது. அப்ப நான் கிங் தெருவிலை வேறை வேலை, வீடு கொக்ஸ்வெல் பக்கம். என்னோடை வேலை செய்த எங்கட ஆக்கள் மூண்டு பேர், அதிலை ஒருவர் எனக்கு முதல் வந்தவர், வீதியிலை நிண்டு எந்தப் பக்கம் போறது எண்டு தெரியாமல் பதகளிக்கினம். நான் சொன்னன், வாருங்கோ, ரெயின் போற வழியாலையே மேலாலை நடப்பம் எண்டு. யங் தெருவாலை பிளோர் வரைக்கும், பிறகு கிழக்கை, ஷேர்போர்ண், காசில் ஃபிராங்க், பாலம், புறோட்வியூ. இரண்டாம் பாதை பிளோரையும் டான்ஃபோர்த்தையும் ஒட்டித்தானே போகுது. பழக்கடைக்காரர் கைவிளக்கோடை நிண்டவை. சந்திகளிலை வழியாலை போறவையே நடுவிலை நிண்டு கார்களை மறிச்சுவிட்டவை. இருட்ட முதல் வீட்டை வந்து சேர்ந்தம்.

அதுதான் எங்கட ஆக்களிலை எனக்கு இருக்கிற மனக்குறை. வந்த பிள்ளைக்கு முதலிலை சொல்லுறது "கார் எடு". சம்பளம் வரமுதலே கார்க் கடன், இன்சூரன்ஸ், டவுன்ரவுணிலை விடுறதுக்குத் தரிப்பிடக் காசு. சப்வேயிலை ஒரு தரத்துக்கு 3 டாலர் 30 சதம், அதிலையே இரண்டு மணித்தியாலம் எந்தப் பக்கமும் ஏறி இறங்கலாம், அதை ஆரும் சொல்லமாட்டினம். சப்வேயிலை ஏறி இருபது வருசமானவை சப்வே ஆபத்து எண்டு உங்களுக்குப் படிப்பிக்கினம். முப்பது வருசத்துக்கு மேலை, ராவிலையும் விடியவும், தனியப் போய்வந்த பொம்பிளை நான் சொல்லுறன்: கவனம் வேணும், பயந்து வீட்டுக்குள்ளை இருக்கத் தேவையில்லை.

ராவிலை பிளாட்போமிலை வெளிச்சமாய், கதைக்கிற பெட்டியோடை ஒரு காத்திருக்கிற இடம் அடையாளம் போட்டிருக்கும், அதிலை நில்லும். ரெயினுக்குள்ளை ஜன்னலுக்கு மேலை மஞ்சள் பட்டி, அமத்தினால் ஆள் வரும். வெறுமையான பெட்டியிலை ஏறவேண்டாம். ராவு ஒன்பது மணிக்குப் பிறகு பஸ்ஸிலை வந்தால், தரிப்பு இல்லாத இடத்திலையும் வீட்டுக்குக் கிட்ட நிற்பாட்டச் சொல்லி ட்றைவரைக் கேட்கலாம். 1991 இலை பெண்களுக்கெண்டு தொடங்கினது அது, இப்ப எல்லாருக்கும் இருக்கு. ஒரு தரிப்புக்கு முதலே சொல்லிப்போட்டு முன் கதவாலை இறங்கும். நான் எத்தினை பனி ராவிலை அப்பிடி இறங்கியிருக்கிறன்.

இன்னொண்டு. காசில் ஃபிராங்குக்கும் புறோட்வியூவுக்கும் இடையிலை ரெயின் சுரங்கத்தை விட்டு வெளியாலை வந்து டொன் பள்ளத்தாக்குக்கு மேலாலை போகும். அந்தப் பாலம் 1918 இலை திறந்தது. ஒரு நாளைக்கு ரெயின் ஓடும் எண்டு நினைச்சு அப்பவே கீழ்த்தட்டு வைச்சுக் கட்டினவை, 1966 இலைதான் அதிலை ரெயின் ஓடினது. வேலை முடிஞ்சு கிழக்கை வரேக்கை வலப்பக்கக் கதவடியிலை நில்லும். கீழை ஆறு, மரங்கள், பின்னேர வெயில். புரட்டாதி கடைசியிலை இலை நிறம் மாறேக்கை இன்னும் வடிவு. அரை நிமிசம்தான். நான் வேலையை விட்டு ஆறு வருசம், அந்த அரை நிமிசத்துக்காக இப்பவும் சில நாள் ஏறிப் போறனான்.

வெள்ளிக்கிழமை போய்வந்து எத்தினை நிமிசம் எடுத்தது எண்டு எழுதும். முக்கால் மணித்தியாலத்துக்கு மேலை போனால் எந்த இடத்திலை பிந்தினது எண்டு சொல்லும், பார்ப்பம்.