திரைக் கேள்வி பதில்: கொங்கின் கையும் ஃபே ரேயின் அலறலும்

பழைய ஹொலிவூட் திகில் படங்களின் நாயகி ஃபே ரே பற்றி வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இந்தக் கிழமை பதில்.

கணினி இல்லாத 1933இல் கிங் கொங் எப்படி ஃபே ரேயைக் கையில் பிடித்துத் தூக்கியது? (வெள்ளவத்தை வாசகி)

மூன்று வழிகளில். கிட்டத்தில் தெரிவது நிஜமான பெரிய கை. இரும்புச் சட்டத்துக்கு ரப்பர் போர்த்தி, மேலே கரடித் தோல் ஒட்டிச் செய்தது. ஃபே ரே நிலத்தில் நிற்பார். உதவியாளர்கள் விரல்களை ஒவ்வொன்றாக வளைத்து இடுப்பைச் சுற்றி இறுக்கிவிட்டு, கையோடு சேர்த்து மேலே உயர்த்துவார்கள். அவர் திமிறத் திமிற விரல்கள் தளரும். நழுவப்போகிறோம் என்று தெரிந்ததும் இறக்கச் சொல்லிவிடுவார். ஆகவே அந்த முகத்தில் தெரியும் பயத்தில் கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கிறது.

தூரக் காட்சிகளில் கொங் 18 அங்குலப் பொம்மை. ஓர் அங்குலம் ஓர் அடிக்குச் சமம் என்பது காட்டில் நடக்கும் காட்சிகளுக்கான கணக்கு. நியூ யோர்க் கட்டடங்களுக்குப் பக்கத்தில் அது சின்னதாய்த் தெரிந்ததால் 24 அங்குலத்தில் இன்னொன்று செய்தார்கள். அதன் கையில் இருப்பது ஃபே ரே அல்ல, குட்டிப் பொம்மை.

மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனம். ஃபே ரேயை முதலில் தனியாகப் படமெடுத்து, அந்தச் சுருளைப் பொம்மைக் காட்டுக்குள் மறைத்துவைத்த சிறு திரையில் பின்னாலிருந்து ஒரு சட்டகம் (ஒற்றைப் படம்) காட்டுவார்கள். பொம்மை அசைவுக் கலைஞர் வில்லிஸ் ஓபிரையனின் குழு பொம்மையைக் கொஞ்சம் அசைக்கும், கமரா ஒரு சட்டகம் எடுக்கும், சுருள் அடுத்த சட்டகத்துக்கு நகரும். இப்படியே ஒரு விநாடிக் காட்சிக்கு 24 தடவை. ஒரு நிமிடக் காட்சிக்கு 1,440. கொங்கின் உடம்பு மயிர் சிலிர்ப்பதைக் கவனித்தீர்களா? அது கோபத்தில் வந்த சிலிர்ப்பு இல்லை. பொம்மைக்குப் போர்த்திய முயல் ரோமத்தில் ஒவ்வொரு தடவையும் விரல் பட்டதன் தடம்.

ஃபோனில் அதுபோல ஒரு குரங்குப் படம் எடுக்க ஆசை. பிளாஸ்டிசினில் செய்தேன், படம் முழுக்க மினுங்குகிறது, கையும் தொங்கிப்போகிறது. (கொட்டாஞ்சேனை மாணவர்)

கை தொங்குவது கொழும்பு வெக்கையால். மதியத்தில் பிளாஸ்டிசின் இளகிவிடும். 2 மில்லிமீற்றர் அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கி எலும்புக்கூடு செய்யுங்கள். நெஞ்சையும் வயிற்றையும் கசக்கிய அலுமினியத் தாளால் நிரப்பி, மேலே மெல்லிய பிளாஸ்டிசின் பூச்சு மட்டும் கொடுங்கள். பாரம் குறைந்தால் தொங்கலும் குறையும். பாதத்துக்குள் ஒரு நட்டைப் புதைத்து, பலகைக்குக் கீழிருந்து திருகாணியால் இறுக்கினால் ஒற்றைக் காலிலும் நிற்கும்.

மினுக்கத்துக்குக் காரணம் பல. ஜன்னலை மூடுங்கள். மேகம் ஒன்று கடந்தாலே வெளிச்சம் மாறிவிடும். இரண்டு எல்ஈடி மேசை விளக்கு போதும். ஃபோனில் வெளிச்ச அளவு, குவியம், வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டிவையுங்கள். தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அது தன் பாட்டுக்கு முடிவெடுக்கும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/50 அல்லது 1/25 விநாடியாக இருக்கட்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பொம்மையை அசைக்கவேண்டாம், அதில் படும் வெளிச்சமும் செட்டில் விழும். வியர்த்தாலும் பரவாயில்லை, ஃபேனை நிறுத்துங்கள்.

விநாடிக்கு 12 படம் தாராளம். பத்து விநாடிக்கு 120. சாதாரண நடைக்கு ஒரு தடவைக்கு மூன்று, நான்கு மில்லிமீற்றர் நகர்த்தலாம். தொடக்கத்திலும் முடிவிலும் அதில் பாதி. திரையைத் தொட்டுப் படம் எடுத்தால் ஃபோன் அசையும். வயர் உள்ள இயர்போனின் ஒலி பொத்தானை அழுத்தினால் பல ஃபோன்களில் கமரா இயங்கும்.

கிங் கொங் 100 நிமிடம் என்கிறார்கள். என் டிவிடியில் 96தான். வெட்டிவிட்டார்களா? (தெஹிவளை வாசகர்)

பெரும்பாலும் இல்லை. நம் நாட்டு ரீவி முறை விநாடிக்கு 25 சட்டகம், படமோ 24. அந்த முறைக்கான டிவிடியில் படத்தைச் சற்று வேகமாக ஓட்டி அடக்கிவிடுகிறார்கள். 100 நிமிடம் 96 ஆகும், குரலும் கொஞ்சம் ஏறும். ஃபே ரேயின் அலறல் உங்கள் வீட்டில் இன்னும் கூராகக் கேட்கும்!

உண்மையான வெட்டு 1938 மறுவெளியீட்டில் நடந்தது. தணிக்கை விதிகள் இறுகியிருந்த காலம். மயங்கிக் கிடக்கும் நாயகியின் உடையைக் கொங் உரித்து, விரலை முகர்ந்து பார்க்கும் காட்சி உங்கள் தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலையில்லை. பழைய படங்களின் அகலமும் உயரமும் ஏறக்குறைய 4:3 விகிதம். ரீவி அதை அகலமாக இழுத்தால் எல்லாரும் பருத்துத் தெரிவார்கள். அமைப்பில் போய் மாற்றிவிடுங்கள்.

மிஸ்டரி ஒஃப் த வக்ஸ் மியூசியம் பார்த்தேன். நிறம் ஏன் இப்படி? வானம், சுவர் எல்லாம் பச்சை கலந்த நீலம், மற்றதெல்லாம் செம்மஞ்சள். ரீவியில் கோளாறா? (பம்பலப்பிட்டி வாசகி)

ரீவியைத் திட்டாதீர்கள். அந்த 1933 படமும், முந்திய ஆண்டில் வந்த டொக்டர் எக்ஸும் இரு வண்ண டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறையில் எடுத்தவை. கமராவுக்குள் ஒரு பட்டகம் (பிரிசம்) வெளிச்சத்தைப் பிரித்து, சிவப்புப் பதிவு ஒன்றும் பச்சைப் பதிவு ஒன்றும் எடுக்கும். நீலத்துக்குத் தனிப் பதிவு கிடையாது. தோலின் நிறம் அழகாக வரும், தூய நீலமும் நல்ல மஞ்சளும் வராது. ரீவியை ‘விவிட்’ என்ற பளிச்சிடும் நிலையில் வைத்தால் முகங்கள் எல்லாம் மிளகாய்ப்பழம். ‘சினிமா’ நிலையில் வைத்துப் பாருங்கள்.

இந்த முறைக்குக் கண் கூசும் வெளிச்சம் தேவை. அந்தச் சூட்டில் மெழுகுச் சிலைகள் உருகியதால் சில சிலைகளாக ஆட்களையே அசையாமல் நிற்கவைத்தார்கள். உற்றுப் பார்த்தால் கண் இமைப்பது பிடிபடும். இரண்டு படங்களையும் இயக்கியவர் மைக்கல் கேட்டிஸ். மியூசியம் படம் தொலைந்ததாகவே பல காலம் நம்பப்பட்டது. 1960களின் இறுதியில்தான் பிரதி கிடைத்தது.

எங்கள் நாடகத்தில் நாயகி அலறவேண்டும். பதிவு செய்தால் கரகரக்கிறது, மூன்றாவது தடவை குரலே போய்விடுகிறது. (மட்டக்குளி நாடகக் குழு)

ஃபே ரேக்குச் செய்ததைச் செய்யுங்கள். கிங் கொங் படப்பிடிப்பு முடிந்தபிறகு ஒரே பிற்பகலில் அலறல்களை மொத்தமாகப் பதிந்துகொண்டார்கள், வேண்டிய இடங்களில் ஒட்டினார்கள். நீங்களும் வசனமெல்லாம் முடித்து, கடைசியில் அலறலை வையுங்கள்.

மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் மூன்றடி தள்ளி, சற்றுப் பக்கமாக வையுங்கள். அலறலின் உச்சம் பதிவுமானியில் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் குறையுங்கள். பூச்சியத்தைத் தொட்டால் கரகரப்புத்தான், பிறகு திருத்தமுடியாது. மூச்சு வயிற்றிலிருந்து வரவேண்டும். ‘ஆ’வை ‘ஹ்’ போட்டு மெல்லத் தொடங்கினால் தொண்டை அடிபடாது. ஐந்து தடவைக்கு மேல் வேண்டாம். இடையில் வெதுவெதுப்பான தண்ணீர், ஐஸ் கூடாது. எரிச்சல் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஒரு இரவு மட்டும் கிடைத்தால் ஃபே ரேயின் எதைப் பார்ப்பது? (வத்தளை வாசகர்)

முதலில் த மோஸ்ட் டேஞ்சரஸ் கேம், 1932. 63 நிமிடம்தான். உடனே கிங் கொங். இரண்டுக்கும் அதே காட்டுச் செட், பள்ளத்தின் குறுக்கே அதே மரக்கட்டை. முதலாவதில் அவருடைய சொந்தக் கருங்கூந்தல், இரண்டாவதில் பொன்னிற விக். த வம்பயர் பட் படத்துக்கு இணையத்தில் இலவசப் பிரதிகள் நிறைய உண்டு. பெரும்பாலானவை மங்கல், சிலவற்றில் துண்டுகளும் இல்லை. அதை மறுசீரமைத்த பிரதி கையில் வரும்வரை தள்ளிவையுங்கள்.