ஐந்து வாரத்தில் 3 கிலோ: அதற்காக மறுபடி பிடிக்காதீர்கள்

சிகரெட்டை விட்டு ஐந்து வாரம், அதற்குள் 3 கிலோ ஏறிவிட்டது, எடை குறையும் வரை மறுபடி பிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே. மிகவும் கடினமான நாட்களைத் தாண்டி வந்துவிட்டீர்கள்.

நிக்கோட்டின் பசியை அடக்கும், உடல் எரிக்கும் கலோரியையும் கொஞ்சம் கூட்டும். அது நின்றதும் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. விட்டவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடுகிறது, அதில் பெரும்பகுதி முதல் 3 மாதத்திலேயே. பொதுவாக இதே வேகத்தில் ஏறிக்கொண்டே போவதில்லை.

சாப்பிட்டதும் இனிப்பைத் தேடுவதாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதேதான். சாப்பாடு முடிந்தது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததே அந்த சிகரெட்தான். அது போனதும் கை தானாக பிஸ்கட் டப்பாவைத் திறந்தது. பிறகு தட்டைக் கழுவிய கையோடு பல் துலக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடக்கத் தொடங்கினேன். அந்த ஆசை சில நிமிடங்கள்தான் நிற்கும். திரும்பி வரும்போது டப்பா நினைவிலேயே இருக்காது. இதை இன்று இரவே செய்து பாருங்கள்.

கடும் டயட் மட்டும் இப்போது வேண்டவே வேண்டாம். வயிறு காய்ந்தால் சிகரெட் ஆசையும் கூடவே கிளம்பும். நிக்கோட்டின் சூயிங்கம் எடை ஏறுவதைத் தள்ளிப்போட உதவும், மருத்துவரிடம் கேளுங்கள். எடை மெஷினில் தினமும் ஏறி நிற்காதீர்கள், வாரம் ஒருமுறை போதும்.