செவ்வரத்தம்பூத் தண்ணீர் குடிக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 49 வயது. மாதவிலக்கு இப்போது மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. நடுச்சாமத்தில் நெஞ்சிலிருந்து முகம்வரை எரிந்து, சட்டை நனைய வியர்க்கிறது. செவ்வரத்தம்பூவும் ஆவரசம்பூவும் அவித்துக் குடிக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு ஆச்சி. நான் பிரசருக்கும் சீனி வருத்தத்துக்கும் குளிசை எடுக்கிறேன். குடிக்கலாமா?
ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, எனக்கு இது முதலில் வந்தது வற்றாப்பளை அம்மன் பொங்கலன்று இரவு. சேலை முதுகோடு ஒட்டிவிட்டது. வெயில் என்று சொல்லவும் வழியில்லை, பொழுதுபட்டு வெகுநேரம். ஏதோ பெரிய வருத்தம் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். நீங்கள் கேட்டது நல்லது.

இது நோயல்ல, மாதவிலக்கு நிற்கப்போகும் காலத்தில் வருவது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் குறையும்போது, உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் மூளைப்பகுதி சின்னச் சூட்டுக்கும் பதறி வியர்க்க வைக்கிறது.

செவ்வரத்தம்பூத் தண்ணீர் நானும் குடித்தேன். விடியப் பறித்த ஐந்து பூ, ஒற்றையடுக்குச் சிவப்பு. காம்பையும் நடுத்தண்டையும் கிள்ளிவிட்டு, இறக்கிய கொதிநீரில் இதழ்களைப் போட்டு மூடவேண்டும். தண்ணீர் கருநீலமாக வரும். தேசிக்காய்ப்புளி நாலு சொட்டு விட்டதும் பளிச்சென்று சிவந்துவிடும். ஆறவைத்துக் குடிக்க இதமாக இருந்தது. ஆனால் எரிவு நிற்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். இரவுப் பிளேன்டீயை விட்டு, நூல் சேலை விரித்து, யன்னலோரம் படுத்த பிறகுதான் ஓரளவு நித்திரை வந்தது.

உங்கள் விஷயம் வேறு. செவ்வரத்தை பிரசரையும், ஆவரசு சீனியையும் குறைக்கக்கூடியவை. குளிசையும் சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கித் தலைசுற்றி விழலாம். கிளினிக்கில் டொக்டரிடம் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம். பூவுக்காகக் குளிசையை நிறுத்தவே கூடாது, தங்கச்சி.

பூ வேண்டுமென்றால் முருங்கைப்பூவைத் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்து சோற்றோடு சாப்பிடுங்கள். இந்த வயதில் எலும்பு தேயும். அதற்கு முருங்கையிலை, எள்ளு, முள்ளோடு நெத்தலி எல்லாம் வேண்டும்.

அப்புறம், மாதவிலக்கு ஒரு வருடம் முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இப்போதும் கட்டி கட்டியாகப் போனால் அப்படித்தான். சும்மா உடம்பைக் காட்ட சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது, காசில்லை. எந்த நாள் என்று உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் கேளுங்கள். ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.