100 வாட் பல்பு போட்டால் வெளிச்சம் கூடுமா?

கேள்வி: என் மோட்டார் சைக்கிளில் ஹெட்லைட்டுக்குக் கீழே இரண்டு துணை விளக்குகள் இருக்கின்றன. வண்டியை முதலில் வைத்திருந்தவர் பொருத்தியவை. இரண்டிலும் எச்3 வகை, 55 வாட் ஹாலஜன் பல்பு. இரவில் அவற்றைப் போட்டாலும் போடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதே இடத்தில் உட்காரும் 100 வாட் பல்பு, நீலம் கலந்த 'சூப்பர் ஒயிட்' பல்பு, எல்இடி பல்பு என்று மூன்று கிடைக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: மூன்றில் எதையும் இப்போது வாங்காதீர்கள். யாரிடமாவது வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள்.

நல்ல நிலையில் உள்ள 55 வாட் எச்3 பல்பு ஏறக்குறைய 1,450 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தரும். ஹெட்லைட்டில் போடும் எச்4 பல்பின் டிம் இழை தருவதே 1,000 லூமன் அளவுதான். அப்படியிருக்க, இரண்டு எச்3 எரிந்தும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் பல்பின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அதற்குப் போய்ச் சேரும் கரண்ட் மேல்தான் வருகிறது.

அந்த 1,450 லூமன் என்பது 13.2 வோல்ட்டில் அளந்த கணக்கு. ஹாலஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு: வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் தடதடவென்று இறங்கிவிடும். 13.2-க்குப் பதில் 12 வோல்ட் கிடைத்தால் வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். 11.5 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும். எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, விளக்குகளையும் போட்டு, பேட்டரி முனையில் ஒரு தடவை அளந்து பாருங்கள். அப்புறம் பல்பின் வயரிலும் எர்த்திலும் வைத்து அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கோளாறு வயரிங்கில்தான். மெலிந்த வயர், துருப்பிடித்த எர்த், மொத்தக் கரண்ட்டும் ஹேண்டில்பார் சுவிட்ச் வழியாகவே போவது: பழைய ஆள் கை வைத்த வண்டிகளில் வழக்கமாகக் காண்பது இவைதான்.

மருந்து எளிது. பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்றை ரிலே வழியாக நேரே விளக்குக்குக் கொண்டுபோங்கள். ரிலே என்பது சிறு கரண்ட்டில் இயங்கிப் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச். ஹேண்டில்பார் சுவிட்ச் அந்த ரிலேயை இயக்கினால் போதும். இரண்டு 55 வாட்டுக்கும் சேர்த்து சுமார் 9 ஆம்பியர் ஓடும். 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் பேட்டரிக்கு அருகிலேயே போட்டுவிடுங்கள். எர்த்தையும் பேட்டரிக்கே இழுப்பது நல்லது, ஃபிரேமின் பெயின்ட்டை நம்ப வேண்டாம். பல பேருக்கு இதோடு கேள்வியே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் கண்ணாடியையும் ரிஃப்ளெக்டரையும் பாருங்கள். ரிஃப்ளெக்டர் சாம்பல் பூத்துக் கிடந்தால் எந்தப் பல்பு போட்டும் பயனில்லை, விளக்கையே மாற்ற வேண்டியதுதான். கண்ணாடியில் நெடுக்குக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் அது பெரும்பாலும் பனிமூட்ட விளக்காக இருக்கும். வெளிச்சத்தை அகலமாகவும் கிட்டத்திலும் பரப்புவதற்கென்றே செய்தது அது. அதனிடம் போய் தூரம் கேட்கக் கூடாது.

சரி, நீங்கள் கேட்ட மூன்றுக்கு வருவோம்.

100 வாட். நானும் ஒரு காலத்தில் இந்த ஆசையில் விழுந்தவன்தான். முதல் இரண்டு நாள் பிரமாதம். அப்புறம் ஏதோ கருகுகிற வாடை. திறந்து பார்த்தால் ரிஃப்ளெக்டரின் பூச்சு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது, ஹோல்டர் பிளாஸ்டிக் வளைந்திருந்தது. 55 வாட்டுக்குச் செய்த கூட்டுக்குள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சூட்டை அடைத்தால் வேறென்ன ஆகும்? கரண்ட் கணக்கும் இடிக்கும். இரண்டு 100 வாட் சேர்ந்து 16, 17 ஆம்பியர் இழுக்கும். பழைய வயரிங்கே இருந்தால் வழியில் வீணாகும் வோல்ட்டும் அதே விகிதத்தில் கூடும். கூடுதலாகக் கொடுத்த வாட்டில் ஒரு பகுதி வயரைச் சூடாக்கவே போகும். மோட்டார் சைக்கிளில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் காரில் இருப்பது போலப் பெரியதல்ல, ஐடிலிங்கில் இன்னும் குறைவாகவே தரும். எல்லாவற்றையும் போட்டு ஓடும்போது பேட்டரி முனையில் 13 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், பேட்டரி சார்ஜ் ஏறவில்லை, வடிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். போதாக்குறைக்கு, 12 வோல்ட் எச்3-க்குச் சாலைத் தரம் 55 வாட்தான். 100 வாட் பெட்டியில் 'சாலையில் பயன்படுத்த அல்ல' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்.

'சூப்பர் ஒயிட்' பல்பின் நீலப் பூச்சு ஒரு வடிகட்டி. வெளிச்சத்தின் மஞ்சள், சிவப்புப் பகுதியைத் தடுத்துத்தான் அது வெண்மையைக் காட்டுகிறது. கண்ணுக்கு எடுப்பாக இருக்கும், சாலையில் விழுவது குறையும். பெட்டியில் '55 வாட் = 100 வாட்' என்று போட்டிருந்தால் அந்தச் சமக்குறியை நம்பாதீர்கள்.

தெளிவான கண்ணாடியோடு '50 சதவீதம் கூடுதல்' என்று வரும் பல்புகள் வேறு ரகம். அவற்றிலும் மொத்த லூமன் பெரிதாக மாறாது. இழையைச் சின்னதாக, அடர்த்தியாகச் சுற்றியிருப்பார்கள். அதனால் கற்றையின் நடுப்பகுதி கூர்மையாகும். ஆயுள் குறையும். பல்பை மட்டும்தான் மாற்றுவேன் என்றால் பெயர் தெரிந்த தயாரிப்பில் இந்த ரகத்தையே சொல்வேன், ஆனால் 100, 150 சதவீதம் என்று கத்தும் பெட்டிகளை விட்டுவிடுங்கள். இன்னொன்று, இரண்டு மடங்கு தூரத்தில் அதே வெளிச்சம் விழ நான்கு மடங்கு வேண்டும். 30 சதவீதம் கூடினால் தூரம் கூடுவது 14 சதவீதம் மட்டுமே.

ஹாலஜன் கூட்டுக்குள் எல்இடி பல்பு வேண்டவே வேண்டாம். எச்3-இன் இழை எந்த இடத்தில், எந்த வாக்கில் இருக்கிறதோ அதைக் கணக்கிட்டுத்தான் ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். எல்இடியின் சில்லு ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் கற்றை சிதறும். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் பளீரென்று இருக்கும், எதிரே வருபவர் கண் கூசும், தூரம் மட்டும் இருட்டாகவே இருக்கும். எல்இடிதான் வேண்டும் என்றால் எல்இடிக்கென்றே செய்த முழு விளக்காக வாங்குங்கள். கரண்ட்டும் மிச்சம். வாங்கும்போது லூமன் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்: நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் தரும், ஆக 20 வாட் விளக்கில் 10,000 லூமன் என்று அச்சிட்டிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். கண்ணாடியில் வட்டத்துக்குள் 'ஈ' (E) என்ற தர அங்கீகார முத்திரையும், நீர் புகாமைக்கு ஐபி67 குறியும் இருப்பதைத் தேடுங்கள்.

கேள்வி: இடது பக்கத் துணை விளக்கில் மட்டும் பல்பு அடிக்கடி ஃபியூஸ் போகிறது. மட்டமான பல்பா?

பதில்: இரண்டு பக்கமும் ஒரே பல்பு என்றால் இல்லை. அந்தப் பக்கத்துத் தாங்கி ஆடுகிறதா பாருங்கள், அதிர்வு இழையை அறுத்துவிடும். பல்பு மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொட்டீர்களா? விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் தனியாகச் சூடேறும். தொட்டிருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பின் மாட்டுங்கள்.

கேள்வி: என் துணை விளக்கில் சின்னக் கிண்ணம் போன்ற எம்ஆர்11 பல்பு, 35 வாட். இதிலேயே பிரகாசமானது உண்டா?

பதில்: இந்த வகையில் பல்பும் ரிஃப்ளெக்டரும் ஒரே உருப்படி என்பதால் வாட்டைக் கூட்டாமலே காரியம் நடக்கும். பல்பில் எழுதியிருக்கும் கோணத்தைப் பாருங்கள். 30 டிகிரிக்கு மேல் இருந்தால் வெளிச்சம் பரவும், தூரம் போகாது. அதே 35 வாட்டில் 10 டிகிரி வாங்கினால் நடுவில் பல மடங்கு செறிவாக விழும். ஒரு பக்கம் குறுகியதும் மறுபக்கம் அகலமானதுமாகப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. வீட்டு அலங்காரத்துக்கு விற்பவை 12 வோல்ட்டுக்குச் செய்தவை. ஓடும் வண்டியில் 14 வோல்ட் வரை ஏறும் என்பதால் அவை சீக்கிரம் போகும். முன்பக்கம் கண்ணாடி மூடியோடு வருவதையே வாங்குங்கள், கூடவே ஒன்றைக் கூடுதலாக வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டுவையுங்கள்.