மிர்ச்சா ஆண் பெயர்தான், தம்பி

ருமேனியாவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அக்கா, எங்கள் சைட் பொறுப்பாளர் பேர் மிர்ச்சா. ‘ஆ’ என்று முடிகிறதே, பெண்ணாக இருக்கும் என்று மெசேஜில் ‘துவாம்னா’ என்று மேடம் போட்டுவிட்டேன். நேரில் பார்த்தால் அறுபது வயதுப் பெரியவர்! இது என்ன பேர், என்ன அர்த்தம், இனி அவரை எப்படிக் கூப்பிடுவது?”

தம்பி, நேரில் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். வெளியூர்ப் பிள்ளை என்று அவருக்கே புரியும். மரியா, எலேனா, யுவானா என்று ‘ஆ’வில் முடிகிற பேர்கள் இங்கே பெரும்பாலும் பெண்களுடையவைதான். ஆனால் மிர்ச்சா, லூக்கா, தோமா, மிஹ்னியா எல்லாம் ஆண்கள். காதைத் தீட்டினால் வித்தியாசம் பிடிபடும். எலேனாவின் வீடு ‘காசா எலேனெய்’, பேரே கடைசியில் மாறுகிறது. மிர்ச்சாவின் வீடு ‘காசா லுய் மிர்ச்சா’. பேர் அப்படியே நிற்க, முன்னால் ஒரு ‘லுய்’ வருகிறது. இன்னொன்று, எழுத்தைப் பார்த்து ‘மிர்சியா’ என்று வாசிக்காதீர்கள். Mircea என்று எழுதுவதில் ‘c’-க்குப் பின்னால் வருகிற ‘e’, அந்த ‘c’-யை ‘ச்ச’ ஆக்கத்தான் இருக்கிறது.

அர்த்தம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரஷ்யன் போன்ற ஸ்லாவிய மொழிகளில் ‘மிர்’ என்றால் அமைதி. உலகம் என்றும் பொருள் உண்டு. நம்ம ஊர்ச் சாந்தி, சாந்தன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ருமேனிய மொழி லத்தீன் வழி வந்தது, பேர் மட்டும் எப்படி ஸ்லாவியம் என்று கேட்பீர்கள். பல நூற்றாண்டு இங்கே கோயிலிலும் அரசவையிலும் எழுத்து மொழி பழைய ஸ்லாவியம்தான். தேதியோடு கிடைத்திருக்கிற மிகப் பழைய ருமேனிய எழுத்தே 1521-இல் ஒரு வணிகர் எழுதிய கடிதம். தமிழ் பேசிக்கொண்டே நாம் வடமொழிப் பேர் வைத்துக்கொள்ளவில்லையா? ராது, விளாத், போக்தான் எல்லாம் அந்த வழி வந்தவைதான். ராது மகிழ்ச்சி, போக்தான் கடவுள் கொடுத்தவன்.

இந்தப் பேருக்கு இங்கே இருக்கிற மரியாதை, 1386 முதல் 1418 வரை, இன்றைய ருமேனியாவின் தென்பகுதியான வலாக்கியாவை ஆண்ட மிர்ச்சா செல் பத்ரானால் வந்தது. ‘பத்ரான்’ என்றால் கிழவர் என்றுதான் அகராதி சொல்லும். ஆனால் பின்னால் வந்த மிர்ச்சாக்களிலிருந்து பிரித்துக் காட்ட ‘மூத்த மிர்ச்சா’ என்றார்கள், அவ்வளவுதான். ஒட்டோமான் சுல்தான் பயாசித்தை 1395-இல் ரோவினேயில் எதிர்த்து நின்றவர். ஓல்ட் ஆற்றங்கரையில் அவர் கட்டிய கோசியா மடத்திலேயே அடக்கம். பிதேஷ்டில் குடியேறிய இந்தப் பதினோரு வருஷத்தில் நான் மூன்று தடவை போயிருக்கிறேன். ஆற்றுச் சத்தம் முற்றம் வரை கேட்கும்.

நம் பக்கத்தோடும் ஒரு தொடுப்பு உண்டு. மதங்களின் வரலாறு எழுதிய மிர்ச்சா எலியாதே 1928 முதல் 1931 வரை இந்தியாவில் இருந்தார். கல்கத்தாவில் சுரேந்திரநாத் தாஸ்குப்தாவிடம் இந்தியத் தத்துவம் படித்தவர். நீங்கள் இந்தியர் என்று தெரிந்தால் இங்கே படித்தவர்கள் அவர் பேச்சைத்தான் எடுப்பார்கள்.

கூப்பிடும் முறைக்கு வருகிறேன். இப்போதைக்கு ‘தோம்னுலே மிர்ச்சா’ என்றே சொல்லுங்கள், நம் ‘சார்’ மாதிரி. நம் ‘நீங்கள்’ மாதிரி ‘தும்னியாவ்வாஸ்த்ரா’ போட்டுப் பேசுங்கள். சைட்டில் மற்றவர்கள் ‘நியா மிர்ச்சா’ என்பார்கள். அந்த ‘நியா’ நம் ‘அண்ணே’தான். கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் பழகி, அவரே உங்களைத் தோளில் தட்டிப் பேசுகிற நாள் வரை பொறுங்கள்.

யோன், வசிலே போன்ற புனிதர் பேர்க்காரர்களுக்கு ஜனவரி 7, ஜனவரி 1 என்று பேர் நாள் உண்டு, அதாவது அந்தப் புனிதரின் திருநாள். அன்றைக்கு வாழ்த்த வேண்டும். மிர்ச்சா புனிதரை வைத்து வந்த பேர் அல்ல. ஆனால் பலருக்கும் இரண்டாவது பேர் ஒன்று இருக்கும், அதை மெல்லக் கேட்டு வையுங்கள். அந்தப் பேரின் நாளில் ‘லா முல்ட்ஸி அனி’ (பல்லாண்டு வாழ்க) என்று கை கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோசியா போய்வந்து போட்டோவை அவரிடம் காட்டுங்கள், மிச்சக் கதையை அவரே சொல்வார்.